பதினாறு எழுத்து

யுபிஎஸ் "கீ" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்தது. கம்ப்யூட்டரும் கூடவே போயிற்று. கரண்ட் திரும்பியபோது கருப்புத் திரையில் ஒரு கட்டம் மட்டும் நின்றது. பாஸ்வேர்டு கேட்டது.

விஜயராணி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போய், பத்து நாள் லீவு முடிந்து இன்றுதான் பனியன் கம்பெனிக்குத் திரும்பியிருந்தாள்.

லீவுக்கு முந்தின நாள்தான் கம்ப்யூட்டரில் ஒரு புது டிஸ்க்கை மாட்டினார்கள். தன் டிசைன் எதுவும் வெளியே கசியக் கூடாது என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டான். உள்ளே போகிற எல்லாவற்றையும் அந்த டிஸ்க் தானே பூட்டிக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் பதினாறு எழுத்துப் பாஸ்வேர்டு போட வேண்டும். பத்துத் தடவை தப்பாகப் போட்டால் மொத்தத்தையும் அதுவே அழித்துவிடும்.

"பேப்பர்ல கீப்பர்ல எழுதி வெச்சிராத அம்மிணி," என்றார் முதலாளி மகுடேஸ்வரன்.

"மனப்பாடம் பண்ணிட்டேனுங்க சார்," என்றாள்.

பண்ணவில்லை. செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள், பத்தாவதைப் பாதியில் விட்டவள். அவளை நம்பி ஆபீஸில் உட்கார வைத்த மனுஷனிடம், மண்டையில் ஏறவில்லை என்று சொல்ல வெட்கம். பேப்பரில்தானே எழுதக் கூடாது? லேபிள் அடிக்கிற மெஷினில் பதினாறு எழுத்தையும் ஒரு துண்டு ரிப்பனில் அடித்து, நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய வெள்ளை டி-ஷர்ட்டின் உள்பக்கம் தைத்துவிட்டாள். சிவப்பு அட்டை கட்டிய சட்டை. பையர் ஓகே செய்த சாம்பிள். அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது. அந்த ஆர்டரும் அடுத்த மாதம்தான்.

திரும்பிப் பார்த்தாள். வெறும் ஹேங்கர் தொங்கியது.

ஞாபகத்திலிருந்து ஒன்று போட்டாள். தப்பு. பெரிய எழுத்தைச் சின்னதாக்கினாள். தப்பு. இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொண்டு இன்னும் ஐந்து. இனி மூன்றுதான் பாக்கி என்றது திரை.

"ஏங்கண்ணு, கம்ப்யூட்டர் தூங்குது?" மகுடேஸ்வரன் வந்து நின்றார். "மூணு மணிக்கு பையரோட ஆளு சரக்குப் பாக்க வர்றாருல்ல, அளவு சார்ட்டை எடுத்து வெய்யி."

"சூடாயிருச்சுங்க சார். ஆறட்டும்னு..."

அவர் உடனே போய், அயர்னிங் செக்‌ஷனிலிருந்து பெரிய ஃபேனைத் தானே உருட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டருக்கு நேராக வைத்தார். பத்து நிமிடம் இருவரும் அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில், சுவரில் அவர் ஒட்டிய நோட்டீஸ் படபடத்தது: 'சாம்பிளில் உள்ளது எல்லாம் பீஸிலும் இருக்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது.' ஒரு லேபிள் விட்டுப்போய் மூவாயிரம் பீஸ் திரும்பி வந்த அன்று ஒட்டியது.

"ஆறிருச்சே?"

"உள்ள வைரஸ் இருக்கும்போலங்க சார்."

அவர் டிஸ்க் விற்றவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வைரஸெல்லாம் இல்லீங்ணா. பாஸ்வேர்டு போட்டாத் தொறக்கும். அது தெரியலீன்னா நாங்களே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"அதுக்கென்னுங்க, எங்க அம்மிணி தலைக்குள்ளயே வெச்சிருக்குது!" பெருமையாகச் சிரித்தார். "போடு கண்ணு."

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். எட்டாவதும் தப்பு. அத்தனை காற்றிலும் அவளுக்கு வேர்த்து ஊற்றியது.

"சார்..." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தலையில இல்லீங்க சார். பொய் சொல்லிட்டேன். லேபிளா அடிச்சு, அந்தச் சிவப்பு அட்டைச் சட்டைக்குள்ள தைச்சு வெச்சேன். இப்ப சட்டையவே காணோம். என்னைய செக்கிங்குக்கே அனுப்பிருங்க சார்."

மகுடேஸ்வரன் அந்த வெறும் ஹேங்கரைத் திரும்பிப் பார்த்தார். ஃபேனை மட்டும் அணைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஏதோ சொல்ல வந்து வாசலில் நின்றிருந்த நாகஜோதி, அவளுடைய பழைய டேபிள் கூட்டாளி, முகம் மலர உள்ளே வந்தாள்.

"அந்தப் பதினாறு எழுத்து லேபிளாக்கா? இதுக்குப் போயா அழுகுற? நீ லீவுல இருந்தப்ப ஆர்டர இந்த மாசமே கேட்டதும், அந்தச் சட்டையப் பாத்துத்தான பன்னெண்டாயிரம் பீஸுலயும் ஒண்ணு விடாமத் தைச்சோம். கீழ பையரோட ஆளு இப்பவே வந்து, அந்த லேபிளத்தான் போட்டோ எடுத்து அவுங்க ஊருக்கு அனுப்பிக்கிட்டிருக்காரு!"