என் ஆடு செயற்கை ஆடு அல்ல

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் பதினான்கு வெள்ளாடுகளும் ஆறு செம்மறிகளும் நலம். அங்கே தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்; உடம்பு நன்றாக இருந்தால்தானே நான் கேட்கப்போவதைத் தாங்க முடியும். தங்கள் கால்நடை மாத இதழுக்குப் பதினோரு வருடமாகச் சந்தாதாரன் என்ற உரிமையில் கேட்கிறேன்: என் ஆட்டைப் பார்த்தால் தங்களுக்குப் பிளாஸ்டிக் மாதிரியா தெரிகிறது?

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தங்கள் நிருபர் தம்பி கேமராவோடு வந்தார். ரசாயனம் இல்லாமல் வளர்க்கும் ஆட்டுக்கும் எங்களைப் போல வழக்கமான முறையில் வளர்க்கும் ஆட்டுக்கும் பாலில் என்ன வித்தியாசம் என்று எழுதப்போவதாகச் சொன்னார். நல்ல காரியம் என்று டீ போட்டுக் கொடுத்தேன். பக்கத்து நிலம் என் அக்காவுடையது, நடுவில் ஒரு வேலிதான். அக்கா நான்கு வருடம் பாடுபட்டு இயற்கை முறைக்கு மாறி, சான்றிதழ் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அவள் ஆடுகள் பொழுதெல்லாம் வெளியே மேயும். உரமூட்டை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. மூட்டைத் தீவனத்தில் ஒரு வாய் வைத்தாலும் சான்றிதழ் போய்விடும். என் ஆடுகள் கொட்டகையில் நின்று, உரம் போட்ட புல்லும் மூட்டைத் தீவனமும் தின்று, தாது உப்புக் கட்டியை நக்கி வளர்பவை. இதில் ஒளிவுமறைவு என்ன? நானே நிருபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதழ் வந்தது. பிரித்தால் அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டம். ஒரு புறம் ‘இயற்கைப் பால்’, மறுபுறம் ‘செயற்கைப் பால்’. கீழே என் கொட்டகையில் என் தீவனத் தொட்டிக்குள் முகத்தை நுழைத்தபடி, எல்லோரையும் அதட்டுவதால் நாங்கள் மேனேஜர் என்று கூப்பிடும் என் வெள்ளை நெற்றி ஆடு. படத்துக்கு அடியில் கொட்டை எழுத்தில் ‘செயற்கை ஆடு’.

ஐயா, இயற்கைக்கு எதிர்ச்சொல் செயற்கை என்று சின்ன வகுப்பில் நானும்தான் படித்தேன். அதற்காக? உரம் போட்ட புல்லைத் தின்ற ஆடு செயற்கை என்றால், உரம் போட்ட அரிசியைத் தின்கிற நானும் தாங்களும் யார்? மேனேஜரும் அக்காவிடம் இருக்கும் அதன் இரட்டையும் ஒரே வயிற்றில் பிறந்து, ஆளுக்கொன்றாக நாங்கள் எடுத்துக்கொண்டவை. மேனேஜர் தலை திரும்பி வர, நான் முழங்கை வரை கையை விட்டு இழுத்துப் போட்ட குட்டி. செயற்கை என்றால் அட்டைப்பெட்டியில் வந்திருக்குமே, எனக்கு ஏன் அந்தப் பாடு?

இதழ் வந்த அன்றே அக்கா வேலியோரம் வந்து, “ஏன்டா, உன் ஆட்டுக்குச் சாவி குடுக்கணுமா, இல்ல பேட்டரி போடணுமா?” என்றாள். இருபத்தாறு வருடமாக இதே பாலில் டீ குடிக்கிற என் மனைவி தம்ளரை மூக்கருகே கொண்டுபோய், “ஒரு மாதிரி வாடை வருதுல்ல?” என்றாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் பாலை வாங்கும் ஒரே இடமான பாலாடைக்கட்டிப் பட்டறையிலிருந்து கேன் திறக்காமலே திரும்பி வந்தது. போன் போட்டால் பட்டறை நடத்தும் அம்மா, “அண்ணே, உங்க பால் நல்ல பால்னு எனக்குத் தெரியாதா? வர்றவங்க எல்லாம் அந்தப் படத்தைக் காட்டிக் கேக்குறாங்களே, நான் என்ன பண்ணட்டும்? அந்த வார்த்தையை அவங்க வாபஸ் வாங்கட்டும், மறுநாளே கேன் அனுப்புங்க” என்கிறார். அன்று கறந்ததை முழுக்கச் சாக்கடையில் ஊற்றினேன். ஊற்றும்போது அழுகை வந்துவிட்டது, ஐயா. இதைத் தங்கள் கட்டத்தில் எந்தப் புறம் போடுவீர்கள்?

விட்டேனா பார் என்று, அக்காவிடம் கெஞ்சி ஒரு பாட்டில், என்னுடையது ஒரு பாட்டில் என எடுத்துக்கொண்டு பால் பரிசோதனைக் கூடத்துக்கே போனேன். பச்சையில் மேய்வதால் இயற்கை ஆட்டுப்பாலில் ஏதோ நல்ல கொழுப்பு அதிகம் என்று போட்டிருந்தீர்களே. தாது உப்புத் தின்பதால் எங்கள் பாலில் அயோடின் அதிகம் என்பதை மட்டும் எறும்பு எழுத்தில் போட்டிருந்தீர்களே. அங்கிருந்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “சார், ரெண்டு பாட்டில்லயும் ஒரே பாலை ஊத்திட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டார். அந்தக் கொழுப்பும் ஒன்றே, அந்த அயோடினும் ஒன்றே! ஆக, வித்தியாசம் ஆட்டில் இல்லை, தங்கள் கட்டத்தில்தான் இருக்கிறது. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், ‘மேனேஜர் அசல் ஆடு’ என்று போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பரிசோதனை முடிவை இணைத்திருக்கிறேன்.

மற்றபடி தங்கள் அலுவலகத்தில் எல்லோரையும், அந்த நிருபர் தம்பி நீங்கலாக, விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் இதழ் எதிர்ச்சொற்கள் இல்லாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இயற்கையாகவே கோபம் வந்த
ஆட்டுக்காரன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் என் மனைவி பூதக்கண்ணாடியோடு வந்தாள். படத்தில் உள்ள ஆட்டின் காது வில்லையில் எண் 17. மேனேஜர் எண் 11. பதினேழு அக்காவிடம் இருக்கும், அதே வெள்ளை நெற்றி இரட்டை. ஓடிப்போய்ப் பார்த்தால் கொட்டகைக்குப் பின்னால் வேலியில் ஒரு ஓட்டை. மதியம் நான் கண்ணயரும் நேரத்தில் அக்காவின் ஆடுகள் என் தொட்டியில். என் ஆடுகள், மேனேஜர் தலைமையில், அக்காவின் பச்சையில். இரண்டு பாட்டிலும் ஒன்றானது இந்த ஓட்டையால்தான்; தங்கள் கட்டம் சரியாகத்தான் இருக்கிறது, ஐயா. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலியைப் பிடித்துக்கொண்டு, “நாலு வருஷம்டா” என்றாள். பேட்டரி என்று கேலி செய்த வாய் அது, எனக்குத் தாங்கவில்லை. ஓட்டையை இருவரும் சேர்ந்து அடைத்துவிட்டோம். சான்றிதழ் தருகிறவர்களும் தங்கள் இதழைப் படிப்பார்களாம். எனவே மேலே எழுதியதில் ஒரு வரியும் அச்சாக வேண்டாம். பரிசோதனை முடிவைக் கவரிலிருந்து எடுத்துவிட்டேன். பட்டறை அம்மாவிடம் நான் எப்படியாவது பேசிக்கொள்கிறேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் மட்டுமே இதை அனுப்புகிறேன். படத்தில் இருப்பது யார் ஆடு என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: என் ஆடுதான். செயற்கை ஆடுதான்.