பின் சக்கரம் துள்ளிய வழக்கு

முப்பத்தொரு வருஷம் முதலாளிகளைத் தூங்கவிடாதவன் நான். துண்டறிக்கை படித்தே அரசியல் கற்றவன். ஏழு வேலைநிறுத்தம், இரண்டு முறை லாக்கப், ஒரு விலா எலும்பு. இதற்கெல்லாம் அசராதவனை ஒரு காரின் பின் சக்கரம் மூன்று வருஷமாக ஊர் சிரிக்க வைத்தது.

அதற்கு முடிவு கட்டுவதென்று போன வருஷம் ஜூலை முதல் தேதி காலை, சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று அறிவித்தேன். கூட்டத்துக்கு வந்திருந்தது என் மனைவி பெர்னடீன் மட்டும். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“உட்காரு கேஸ். காபி ஆறுது.”

விஷயம் இதுதான். ஒவ்வொரு செப்டம்பரிலும் தொழிலாளர் தினத்தன்று எங்கள் ஊர் ஓடுதளத்தில் கால் மைல் பந்தயம். ஒரு பக்கம் ஓய்வுபெற்ற தொழிலாளிகள், மறுபக்கம் ஓய்வுபெற்ற ஃபோர்மேன்கள். எங்கள் தொழிற்சங்கத்தின் மானம் என் காரில் ஏறிப் போகும். அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், பக்கத்துத் தெரு ஜன்னல்கள் அதிரும். எதிரணியில் டாக்கெட். இருபது வருஷம் எனக்கு ஃபோர்மேன். நான் செய்த பாவம், இப்போது எனக்குப் பக்கத்து வீடு.

என் வண்டியில் சக்திக்குக் குறைவில்லை. அது தரைக்குப் போய்ச் சேராததுதான் கோளாறு. பின் அச்சு இரண்டு பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து ஓங்கி மிதித்தால் அச்சு முறுக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் பாம்பு மாதிரி நெளியும். பிறகு சட்டென்று உதறும். டயர் தரையை விட்டு எழும்பும், விழும், கடிக்கும், மறுபடி எழும்பும். உள்ளே இருப்பவனுக்குக் கல்லுருளையில் உட்கார்ந்து மாடிப்படி இறங்குவது போல இருக்கும். அதற்கு முந்தின வருஷம் என் மேல்வரிசைப் பல்செட் டாஷ்போர்டில் போய் விழுந்தது. நான் அதைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் டாக்கெட் எல்லைக்கோட்டைத் தாண்டி பியர் டப்பாவைத் திறந்துவிட்டான்.

“நான் சரி பண்ணித் தரவா?” என்றாள் பெர்னடீன்.

“நீயா?”

“பத்தொன்பது வருஷம் ஸ்பிரிங் ஃபாக்டரில பூவா கட்டிட்டிருந்தேன்? ஆனா ஒண்ணு. துள்ளல் நின்னா, பந்தயத்துல நான்தான் ஓட்டுவேன்.”

குளிர்பெட்டிக் கதவைச் சுட்டிக்காட்டினேன்.

அங்கே எங்கள் வீட்டு ஒப்பந்தம் ஒட்டியிருக்கிறது. நானே தட்டச்சு செய்தது. இருவர் கையெழுத்தும் உண்டு. விதி இரண்டு: சமையலறை பெர்னடீன் இலாகா. விதி மூன்று: கார் என் இலாகா. ஒருவர் இலாகா வேலையை மற்றவர் தொடக் கூடாது. ஆலையில் மின்பணியாளன் ஒரு துடைப்பத்தைத் தொட்டாலே வேலையை நிறுத்தியவன் நான். வீட்டில் கொள்கையை விட முடியுமா? பாத்திரம் தேய்க்கச் சொல்லி அவள் கேட்ட மறுநாள்தான் அதை எழுதினேன் என்பது வேறு விஷயம்.

விதி ஐந்துதான் அதில் வைரம். எதிர்ப்பில்லாமல் மூன்று முறை நடந்த எதுவும் உரிமையாகிவிடும். பிறகு யாரும் மறுக்க முடியாது. இந்த ஒரு விதியை வைத்து டாக்கெட்டை நான் மண்டியிட வைத்திருக்கிறேன். கை கழுவிக்கொள்ள என்று மூன்று நாள் பத்து நிமிஷம் முன்னதாகவே எங்களை விட்டான், பாவம், நல்ல மனசில். நாலாம் நாள் உரிமை என்று எழுதிக் கொடுத்தேன். ஆலையை மூடும்வரை அந்தப் பத்து நிமிஷம் எங்களுடையது. வீட்டில் அந்த விதியை வைத்தது என் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப்புக்காக. அவள் மாதா கோவிலுக்குப் போயிருந்த மூன்று ஞாயிறுகள் போதுமாக இருந்தன.

பெர்னடீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தை முதலிலிருந்து படித்தாள்.

“அஞ்சாவது விதி நல்லாயிருக்கு,” என்றாள்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

துள்ளலுக்கு மருந்து எனக்குத் தெரியாமல் இல்லை. அச்சிலிருந்து முன்பக்கமாக, ஸ்பிரிங்குக்கு அடியில், பக்கத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. கம்பியின் நுனியில் ஒரு ரப்பர் கட்டை. அச்சு முறுக்கும்போது ரப்பர் ஸ்பிரிங்கில் முட்டும், முறுக்கு அங்கேயே நிற்கும். கம்பிக்குக் கடைக்குப் போகவில்லை. எண்பத்தி மூன்றாம் வருஷ வேலைநிறுத்தப் பந்தலின் இரும்புக் கால்கள் கராஜில் பத்திரமாக இருந்தன. அவற்றின் நீளம்தான் கம்பியின் நீளம். வரலாற்றில் ஒட்டுப் போடுவது எனக்குப் பிடிக்காது.

கம்பிகளை மாட்டி, மூடிக்கிடக்கும் ஆலையின் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓட்டிப் போனோம். சக்கரம் துள்ளுகிறதா என்று வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அப்படியானால் மிதிக்க ஒரு ஆள் வேண்டும்.

“நீ மிதி, நான் பாக்கிறேன்,” என்றேன்.

“நானா? அது உன் இலாகா ஆச்சே கேஸ்.”

“அட, மிதின்னா மிதி.”

டாக்கெட் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்திருந்தான். பெர்னடீன் மிதித்தாள். கார் ஆட்டுக்கிடாய் போலத் துள்ளிக்கொண்டே போனது.

“தலைவரே, போராட்டம் இன்னும் தொடருதா?” என்றான் டாக்கெட்.

வீட்டுக்கு வந்ததும் கையெல்லாம் கிரீஸ். பெர்னடீன் பாத்திர சோப்பை நீட்டினாள்.

“கிரீஸுக்கு இதான் கேக்கும். சும்மா தேச்சா நகத்துல இருக்கிறது போகாது. அந்த நாலு தட்டையும் சேத்துத் தேயி, உனக்கே தெரியும்.”

தேய்த்தேன். உண்மையிலேயே போய்விட்டது. தட்டிலிருந்ததும்.

அடுத்த வாரம் பின்பெட்டியில் நாலு மணல் மூட்டை. அவள் மிதித்தாள். துள்ளல் கூடியது. மூட்டை கிழிந்து மணல் வேறு கொட்டியது. மறுபடி கிரீஸ், மறுபடி சோப்பு, இந்த முறை சூப் பானையும் சேர்த்து.

ஒரு மாலை நான் காருக்கடியில் படுத்திருந்தபோது வேலிக்கு மேலே டாக்கெட்டின் தலை முளைத்தது.

“நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. கம்பிய ஒரு ஜாண் வெட்டிரு. ரப்பர் ஸ்பிரிங்குக்கு நடுவுல முட்டுனாதான் நல்லது. முன்னாடி ஸ்பிரிங் மாட்டியிருக்கிற வளையம், அந்தக் கண்ணு இருக்கே, அதுக்கு நேர் கீழ மட்டும் கொண்டுபோயிராத.”

“கொண்டுபோனா?”

“கெட்டுது. என் பேச்சக் கேளு.”

இருபது வருஷம் அவன் பேச்சைக் கேட்காமலே வாழ்ந்தவன் நான். ஃபோர்மேன் வெட்டு என்றால் தொழிலாளி ஒட்ட வேண்டும். கொள்கையை ஓரம்கட்டி, பந்தல் காலில் ஒரு ஜாண் இரும்பை ஒட்டுப் போட்டேன். ரப்பரைச் சரியாக அந்தக் கண்ணுக்கு நேர் கீழே கொண்டுபோய், ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினேன்.

மூன்றாம் முறை பெர்னடீன் மிதித்தாள். டயர் ஒரே ஒரு முறை கத்தியது. பின்பக்கம் அமுங்கியது. பசை போட்டு ஒட்டியது போலத் தரையைப் பிடித்துக்கொண்டு கார் போயே போய்விட்டது. நான் தொப்பியை வானத்தில் எறிந்தேன். டாக்கெட் ஒரு சிறு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். தோல்விக் கணக்காக இருக்கும் என்று நினைத்தேன். அன்று பாத்திரம் தேய்க்கும்போது சங்கப் பாட்டு பாடிக்கொண்டே தேய்த்தேன்.

தொழிலாளர் தினம். சங்கக் கோட்டு, புது பல்செட், அதற்குப் பசை. எங்கள் ஆட்கள் நாற்பது பேர் பதாகையோடு வந்திருந்தார்கள். காரிடம் போனேன். ஓட்டுநர் இருக்கையில் தலைக்கவசம் போட்டு ஒரு ஆள்.

“பெர்னடீன், இறங்கு.”

அவள் ஜன்னல் வழியாக ஒரு காகிதத்தை நீட்டினாள். புகார் மனு. என்னுடைய பழைய படிவத்திலேயே அழகாக எழுதியிருந்தது. ‘ஜூலை பதினெட்டு, ஜூலை இருபத்தைந்து, ஆகஸ்ட் எட்டு. மூன்று தேதிகளிலும் மேற்படி காரை நான் ஓட்டினேன். எதிர்ப்பு எழவில்லை. எதிராளியே மிதிக்கச் சொன்னார். விதி ஐந்தின்படி ஓட்டுவது என் உரிமை.’ கீழே சாட்சிக் கையெழுத்து: டாக்கெட்.

“அது சோதனை ஓட்டம்,” என்றேன்.

“சோதனைக்கு ஒரு விதி, ஓட்டத்துக்கு ஒரு விதின்னு எங்க எழுதியிருக்க?”

எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். மனு கை மாறி நாற்பது பேரையும் சுற்றி வந்தது. அந்த விதியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

“எழுதுனது எழுதுனதுதான் கேஸ்,” என்றான் ஒருவன். வருத்தமாகத்தான் சொன்னான்.

டாக்கெட்டிடம் போனேன். “உனக்கு எதிரா ஓடுற வண்டிக்கு நீயே சாட்சி போடுவியா?”

“சாட்சி மட்டுமா? கம்பிய வெட்டச் சொன்னது யாரு?”

“நீ.”

“எனக்கு ஸ்பிரிங்கப் பத்தி என்ன தெரியும்? நான் பெயின்ட் பிரிவு. பெர்னடீன் எழுதிக் குடுத்தா, நான் ஒப்பிச்சேன். ‘டாக்கெட், நீ எதச் சொன்னாலும் அவரு அதுக்கு நேர்மாறாத்தான் செய்வாரு’ன்னா. கூலி ரெண்டு கசகசா கேக்கு.”

“இன்னிக்கு நீ தோப்பியே, மனுஷா.”

“தோக்கிறேன். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மேலிடத்துல நான் வாங்குன திட்டு உனக்குத் தெரியுமா? நீ கையக் கட்டிட்டு ஓரமா நிக்கிறத பாக்க இன்னும் நாலு பந்தயம்கூடத் தோப்பேன், தலைவரே.”

அவன் தன் காரில் ஏறினான். விளக்கு பச்சைக்கு மாறியது. பெர்னடீன் மிதித்தாள். துள்ளல் இல்லை, துளி நெளிவு இல்லை. டாக்கெட் பாதி தூரம் வருமுன் அவள் எல்லைக்கோட்டில் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றி முடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நாற்பது பேரும் அவளைத் தோளில் தூக்கினார்கள். முப்பத்தொரு வருஷத்தில் என்னைத் தூக்கியது போலீஸ் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் இன்னொரு காகிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். அதே மூன்று தேதிகள். எதிராளி எதிர்ப்பில்லாமல் தேய்த்த பாத்திரங்கள்: தட்டு நாலு, சூப் பானை ஒன்று, மூன்றாம் நாள் எல்லாமும், பாட்டோடு.

பரிசாக வந்தது வெள்ளி முலாம் பூசிய பெரிய கிண்ணம். ஞாயிறுதோறும் பெர்னடீன் அதில்தான் பியரோகிக் கொழுக்கட்டை பரிமாறுகிறாள், புளித்த கிரீம் மேலே வழிய வழிய. உரிமைக்கு மூன்று முறை போதும் என்பது விதி. நான் அந்தக் கிண்ணத்தை இதுவரை நாற்பத்தொரு முறை தேய்த்திருக்கிறேன்.