‘டூபியஸ்’ என்னும் மகத்தான சொல்

ஆங்கிலேயர் நமக்கு விட்டுச்சென்றவற்றில் ரயிலையும் தபாலையும்விடப் பயனுள்ளது ‘டூபியஸ்’ என்ற சொல். அகராதி அதற்குச் ‘சந்தேகத்துக்குரிய’ என்று பொருள் தருகிறது. அகராதி எழுதியவர்கள் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை, பாவம்.

அடையாற்றில் உள்ள அந்த அலுவலகத்துக்கு இச்சொல்லைக் கொண்டுவந்த பெருமை அதிகாரி நெடுஞ்செழியன் சாரையே சேரும். தி.நகரில் சாப்பாட்டுடன் நடந்த ஒருநாள் பயிற்சியில் கற்றுவந்தார். அதற்குமுன் நாங்கள் மனுக்களை ஏற்போம், அல்லது நிராகரிப்போம். எதைச் செய்தாலும் காரணம் எழுத வேண்டும்; பிறகு மாட்டிக்கொள்ளவும் வேண்டும். ‘டூபியஸ்’ என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. கோப்பு பீரோவுக்குப் போய்விடும், நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம்.

இந்தப் பொற்காலத்தில்தான் வேலம்மா வந்தார். ஆற்றோரத்தில் முப்பது வருடம் குடியிருந்தவர். அதற்கு முந்தின மாதம் அங்கிருந்த வீடுகள், எங்கள் மொழியில் சொன்னால், ‘அகற்றப்பட்டன’. அவர் அங்கே வசித்தார் என்று நாங்கள் சான்று தந்தால் புறநகரில் ஒரு வீடு கிடைக்கும். தராவிட்டால் மகள் வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான் படுக்கை. மனுக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

சார் ஆவணங்களை ஆராய்ந்த நேர்மையை மெச்ச வேண்டும். ரேஷன் கார்டுப் படத்தில் வேலம்மா இளமையாக இருந்தார்: டூபியஸ். வாக்காளர் அட்டையில் அவரா என்றே தெரியவில்லை: டூபியஸ். கரண்ட் பில் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆற்றோரத்தில் ஒரு காகிதம் இவ்வளவு சுத்தமாக இருக்குமா? அதற்கும் அதே மரியாதை.

“அப்டின்னா இன்னா சார்?” என்று கேட்டார் வேலம்மா.

“நீங்க அங்க இருந்தீங்களாங்கிறதே சந்தேகமா இருக்கும்மா” என்றார் சார், மிகுந்த கனிவுடன்.

வேலம்மா கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“நான் அங்க இல்லவேயில்லன்னா, ஜேசிபியோட வந்து யாரு வூட்ட சார் இட்ச்ச? நீதான முன்னாடி நின்னுகினு இருந்த. வெயில்ல வாடிப்போய்க்கீறியேன்னு ஒரு சொம்பு தண்ணி குட்த்தேனே.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சொம்பில் நானும் குடித்திருந்தேன். தண்ணீர் குடித்ததுகூட டூபியஸ்தான் என்று சார் சொல்லிப் பார்த்தார். பிறகு, வீடுகளை இடித்த பதிவேட்டில் வேலம்மாவின் பெயர் இருக்காது என்று நம்பி, அதை எடுத்துவரச் சொன்னார்.

வேலம்மாவின் பெயர், கதவு எண், இடித்த நேரம், கீழே சாரின் கையெழுத்து என எல்லாம் கச்சிதமாக இருந்தன. வேறு வழியில்லாமல் சான்றில் கையெழுத்துப் போட்டார். வேலம்மா அதை வாங்கி, இன்னொரு முறை சிரித்துவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதிவேட்டை உள்ளே வைக்குமுன் முழுவதும் புரட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அந்த மகத்தான சொல் ஓர் இடத்திலும் இல்லை. இடிக்கும்போது மட்டும் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.