நாய் எப்படிக் குரைக்கும்?

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் கை கால் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நம் பேரனுக்கு மூன்று வயது முடிந்தும் வாயில் ஒரு சொல் கிடையாது. இந்த வீட்டில் நான் ஒரு பாஷை, மருமகளும் அவள் அம்மாவும் வேறு பாஷை. படப் புத்தகத்தில் நாய் வந்தால் நான் லொள் லொள் என்பேன், உடனே சம்பந்தியம்மாள் ஹவ் ஹவ் என்பாள். நாய் என்றைக்கடா ஹவ் என்றது? அது சுடுகாப்பியில் வாய் வெந்தவன் போடும் சத்தம். சேவலுக்கு நான் கொக்கரக்கோ, அவள் கிகிரிக்கி. அப்படிக் கூவினால் யாராவது எழுந்திருப்பார்களா? பூனை மட்டும் இருவருக்கும் பொதுவாக மியாவ் என்று மானத்தைக் காப்பாற்றியது.

போன வாரம் பேச்சு டாக்டரிடம் போனோம். சேவல் படத்தைக் காட்டி, இது எப்படிக் கூவும் என்று அந்தம்மா கேட்டாள். பிள்ளை பேசாமல் பார்க்கிறான். பெயிலாகிவிடுவானோ என்று எனக்குப் பயம். அஞ்சாவது வரை ஒரு வருஷம்கூடத் தவறாமல் பாஸானவள் நான். (நீ மூணாவதில் ரெண்டு தடவை உட்கார்ந்ததை இப்போ சொல்லலை.) பின்னாலிருந்து கொக்கரக்கோன்னு கூவிட்டேன். ரகசியமாத்தான் கூவினேன், வராந்தாவுல இருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க. என்னை வெளியே உட்கார வச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் மகன் ஷூவைக் கழட்டிக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம, "அம்மா, பிள்ளைக்குக் குழப்பமா இருக்குபோல. கொஞ்ச நாளைக்கு அவன்கிட்ட பேசாம இரும்மா" என்றான்.

"டாக்டரா சொன்னாங்க?"

"இல்ல. நாங்களா நினைச்சோம்."

அவனுக்குப் பேசச் சொல்லிக்கொடுத்தவகிட்ட சொல்றான்டா!

எட்டு நாளா வாயைத் திறக்கலை. பிள்ளை புத்தகத்தை என் மடியில வச்சு, நாய் மேல விரலை வச்சு, என் வாயையே பார்க்கிறான். நான் ஜன்னலைப் பார்க்கிறேன். குழாய்கூட சொட்டு சொட்டுன்னு ஏதோ பேசிக்கிட்டிருக்கு, அதை யாரும் தடுக்கலை. என்னால முடியலை. டிக்கெட் எடுத்து அனுப்பு. ஊமையா இங்கே கிடக்கிறதுக்கு, உன் பெண்டாட்டி பேசறதைக் கேட்டுக்கிட்டு அங்கேயே இருந்துடறேன்.

அவளும் பிள்ளைகளும் நூறு வயசு நல்லா இருக்கணும். நீயும்தான்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டப்போனேன், பிள்ளை புத்தகத்தோட வந்தான். நாய் மேல விரல். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். என் தாடையைப் பிடிச்சு இழுத்து, "ஹவ்" என்றான். முதல் சொல்! அதுவும் சம்பந்தியம்மாளோட ஹவ். நானும் "ஹவ் ஹவ்"னு குரைச்சேன் தம்பி, மூக்குக்கண்ணாடி நனையிற வரைக்கும். டிக்கெட் எடுக்காதே. சம்பந்தியம்மாகிட்ட உட்கார்ந்து அந்தக் கிகிரிக்கியைப் பழகணும், எனக்கு இன்னும் சரியா வரலை.