சிஸ்டம் சாமியும் அமெரிக்கப் பிசாசும்

2009-ஆம் வருடம் வெள்ளிக்கிழமைகளில் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே ஓர் அற்புதம். அதைவிடப் பெரிய அற்புதங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடப்பதாக ஜனங்கள் நம்பினார்கள். அங்கே ரப்பர் ஷீட் உலர்த்திய ஒரு பழைய கூடத்தில் கிருஷ்ணமணி என்பவர் பேய் ஓட்டிக்கொண்டிருந்தார். பனையிலும் பாலத்தடியிலும் குடியிருக்கும் உள்ளூர்ப் பேய்களை அவர் தொடுவதில்லை. அந்தத் தொழிலில் போட்டி அதிகம். இவர் ஓட்டியது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பேயை. அதனால் சிஸ்டம் சாமி என்று பெயர் வந்தது.

சாமி முன்பு சினிமா சி.டி.களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வியாபாரம் படுத்தது. உடனே ஞானம் எழுந்து உட்கார்ந்தது.

கூடத்துக்கு வெளியே திருநீறு பூசியவர்கள், ஜெபமாலை போட்டவர்கள், பைபிளைக் கக்கத்தில் இடுக்கியவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். மதநல்லிணக்கத்துக்காக மேடை போட்டுப் பேசுகிறவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். ஏமாறுவதில் நம் ஜனங்களுக்குள் எந்த வேற்றுமையும் கிடையாது.

அந்த வரிசையில் ஒரு வெள்ளிக்கிழமை குறும்பனை என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்த செசிலியும் நின்றாள். பக்கத்தில் அவள் மகன் ஜிபின். பிளஸ் டூ படிக்கிற பையன்.

ஜிபினுக்கு நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவனும் அவன் கூட்டாளி பெனினும் இன்னும் மூன்று பேரும் பெனினுடைய அண்ணன் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி ஆட்டம். ஒரு கூட்டம் வெடிகுண்டு வைக்கும். இன்னொரு கூட்டம் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். சும்மா சுட்டுக்கொண்டு ஓடினால் செத்தான். எவன் எந்த வாசலைக் காப்பது, எவன் புகைக்குண்டு போடுவது என்று பேசி வைத்துத்தான் ஆட வேண்டும். விடுமுறைக்கு வந்தால் ஜிபினின் அக்கா பெபிஷாவும் ஆடுவாள். நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிப்பவள். தூரத்தில் நின்று குறிபார்த்துச் சுடுவதில் அவளை அடிக்க அந்தக் கடற்கரையில் ஆள் இல்லை.

அன்று மார்த்தாண்டத்துப் பையன்களோடு போட்டி. நாலு பேரும் செத்து ஜிபின் மட்டும் மிச்சம். குண்டு டிக் டிக் என்கிறது.

"மக்கா, பொறத்த ஒருத்தன் நிக்கான்! திரும்புல!" என்று பெனின் கத்தினான்.

ஜிபின் திரும்பவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்தான். கை காலெல்லாம் இழுத்தது. வாயில் நுரை.

நாகர்கோவில் டாக்டர் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "இது வலிப்பு. பயப்பட ஒன்றும் இல்லை. மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது. நன்றாகத் தூங்கட்டும். மின்னுகிற திரை முன்னால் நெடுநேரம் உட்கார வேண்டாம்."

இவ்வளவு எளிமையாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டு எலிசா செசிலியிடம் வந்து காதைக் கடித்தாள். "டாக்டருக்கு என்ன தெரியும் செசிலி? துப்பாக்கியும் கையுமா இருந்தப்பதானே விழுந்தான்? அது அமெரிக்கப் பிசாசாக்கும். சாமிட்ட கொண்டுபோ."

செசிலியின் புருஷன் ததேயுஸ் கத்தாரில் மீன்பிடி விசைப்படகில் இருந்தான். கேட்கவும் ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை. பயம் மட்டும் இருந்தது. கொண்டுபோனாள்.

சாமி காவி வேட்டி கட்டி, கழுத்தில் உருத்திராட்சத்தோடு ஒரு பென் டிரைவையும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் கம்ப்யூட்டரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும். கையில் கமுகம்பூக் குலை. அதைக்கொண்டு ஜிபினின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"சொல்லுல! விளையாடும்போ அது ஒன்ன என்ன சொல்லச் சொல்லும்?"

பையன் முதுகைத் தடவிக்கொண்டே, குண்டு எறியும்போது ஆட்டத்தில் கேட்கும் வார்த்தையைச் சொன்னான். "ஃபயர்... ஃபயர் இன் த ஹோல்."

சாமி எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டியளா? ஃபயருன்னா தீ! ஹோலுன்னா குழி! குழிக்குள்ள தீ! அது என்ன இடம்?"

"நரகம்!" என்று கூட்டம் அலறியது. கூட்டத்தில் இருந்த, ஆங்கிலம் படித்த இரண்டு வாத்தியார்களும் சேர்ந்துதான் அலறினார்கள்.

"மாத்திர குடுக்கியா?" என்று சாமி செசிலியிடம் கேட்டார்.

"தினமும் குடுக்கேன் சாமி."

"அந்த மாத்திரையத் தின்னுதான் பேய் கொழுக்குது. இன்னையோட நிப்பாட்டு. அந்த வெளையாட்டு சி.டி.ய அடுத்த வெள்ளிக்கிழம கொண்டா. அதுக்குள்ளதான் அது குடியிருக்கு. தொட்டா எனக்கு உடம்பு சொல்லீரும்."

கூடவே சாமியின் அருளுரை சி.டி. ஒன்றையும் வாங்கிப் போக வேண்டும். உறையில் சாமியின் படம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். அதை வீட்டில் ஓடவிட்டால் காற்று சுத்தமாகும் என்பது ஏற்பாடு.

செசிலி மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். சில நாளில் ஜிபின் வலிப்பு வந்து குளியலறையில் விழுந்தான்; கிழிந்த நெற்றிக்குத் தையல் போட்டார்கள். சாமிக்கு ஃபோன் போட்டால் அவர் குரலில் ஆனந்தம். "நல்ல அறிகுறியாக்கும்! பேய் போற வழியில இடிச்சிட்டுப் போவுது."

செய்தி கேட்டு பெபிஷா ஓடி வந்தாள். தம்பியின் நெற்றிக் கட்டைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் தாயிடம் போனாள்.

"அம்மா, மாத்திர எங்க?"

"நீ ஒண்ணும் பேசாண்டாம் பெபிஷா. படிச்சவளுக்குப் பேயப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியுமான்னு பாத்துருவோமா? அந்த சி.டி.யயும் அவருக்க அருளுரை சி.டி.யயும் நானே கொண்டு வாறேன். பேய் எதுல இருக்குன்னு அவரு சரியாச் சொன்னா, பெறவு நான் வாயத் தெறக்க மாட்டேன். தப்பாச் சொன்னா எனக்க தம்பிய டாக்டர்ட்ட விடணும். சம்மதமா?"

செசிலி யோசித்தாள். தோற்கப் போகிற பந்தயமாக அவளுக்குத் தெரியவில்லை. "சரிட்டீ" என்றாள்.

பெபிஷா பெனினிடமிருந்து ஆட்ட சி.டி.யை வாங்கினாள். அதன் உறையில் முகமூடி போட்ட ஒருவன் துப்பாக்கியோடு முறைத்தான். ஆட்டம், அருளுரை இரண்டுமே கடையில் பதிவெடுத்த, மேலே எழுத்தில்லாத வெள்ளைத் தட்டுகள். அவள் செய்தது ஒன்றுதான். அருளுரையைத் துப்பாக்கிக்காரன் உறையிலும், ஆட்டத்தைச் சாமியின் உறையிலும் மாற்றிப் போட்டாள். தாயின் கண் முன்னாலேயே போட்டாள்.

வெள்ளிக்கிழமை. கூடம் நிரம்பி வழிந்தது. தாயையும் தம்பியையும் பெனினையும் கூட்டி வந்திருந்த பெபிஷா துப்பாக்கிக்காரன் உறையை நீட்டினாள். தட்டை வெளியே எடுத்த சாமியின் விரல் நடுங்கியது. பிறகு கை நடுங்கியது. பிறகு தொந்தி. கண்கள் மேலே சொருகின.

"ஐயோ, சுடுது! ஒண்ணில்ல, ஏழு இருக்கு! ஏழும் அமெரிக்காவாக்கும்!"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பெபிஷா பணிவாக அடுத்த உறையை நீட்டினாள். "இது உங்க அருளுரை சாமி. இதையும் ஒருக்கத் தொட்டுச் சொல்லுங்க."

சாமி அந்தத் தட்டைக் கண்ணில் ஒற்றினார். நெஞ்சில் வைத்தார். ஜிபினின் கட்டுப் போட்ட நெற்றியிலும் வைத்தார். "குளுகுளுன்னு இருக்கு. அருள் வழியுது."

"தப்பா இருக்காதே?"

"எனக்க உடம்பு பொய் சொல்லாது மக்ளே."

"பெனின், போடுல."

பெனின் ஏழு பிசாசுகள் குடியிருந்த தட்டைச் சாமியின் கம்ப்யூட்டரிலேயே போட்டான். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலும் சாமியின் குரல் முழங்கியது: "அன்பான பக்தகோடிகளே! தீய சக்திகளிடம் ஏமாறாதீர்கள்..."

பெனின் தட்டை மாற்றினான். அருள் வழிந்த தட்டிலிருந்து படபடவென்று துப்பாக்கி வெடித்தது.

முதலில் சிரித்தது ஜிபின்தான். பல நாளைக்குப் பிறகு சிரித்தான்.

சாமி சுதாரித்துக்கொண்டார். தொழில் அனுபவம் சும்மாவா? "பேய் இடம் மாறீட்டு! என்னக் கண்டு பயந்து அதுக்குள்ள ஓடிப்போச்சு!"

"ஆமா, ஆமா" என்று நாலைந்து தலைகள் ஆடின. ஏமாற்றுகிறவன் தடுமாறினால் தாங்கிப் பிடிக்க ஏமாந்தவர்களே ஓடி வருகிற நாடு இது.

அப்போது செசிலி எழுந்தாள். இரண்டு தட்டுகளையும் வாங்கி, பழைய பேப்பரில் ஒரே மாதிரி பொதிந்தாள். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றிக் கலக்கினாள். முன்னால் நீட்டினாள்.

"இப்போ எதுல இருக்கு சாமி? தொட்டுச் சொல்லுங்க."

"சாமிய சோதிக்கப்பிடாது. குடும்பம் அழிஞ்சு போவும்."

"எனக்க பிள்ளைக்க மாத்திரைய நிப்பாட்டச் சொன்னப்போ இது தோணல்லியா? அவன் மண்ட உடைஞ்சு ரத்தம் ஒழுகினப்போ நல்ல அறிகுறின்னு சொன்னீரே! தொடும்வே!"

மரியாதை போய்விட்டது. கூட்டம் அதைக் கவனித்தது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "தொட்டுச் சொன்னா என்ன? தினமும் தொடுறதுதானே?" என்றார். இன்னொருவர் எழுந்தார். பிறகு பத்துப் பேர். சாமி இடது பொதியைத் தொடப் போனார், வலதைத் தொடப் போனார், எதையும் தொடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக அவசரமாகப் போனார். திரும்பி வரவில்லை.

தாயும் பிள்ளைகளும் அங்கிருந்து நேராக நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினார்கள். செசிலி வழியெல்லாம் ஜிபினின் கையை விடாமல் பிடித்திருந்தாள். டாக்டர் திட்டினார், மாத்திரையும் எழுதினார். அதன்பின் ஜிபின் விழவில்லை. மாதங்கள் கழிந்து டாக்டர் அனுமதித்ததும், ஞாயிறுதோறும் கொஞ்ச நேரம் ஆட்டம். மார்த்தாண்டத்துப் பையன்களுக்கு அவன் ஒரு பாக்கி வைத்திருந்தான், தீர்த்துவிட்டான்.

கிருஷ்ணமணி இப்போது எல்லைக்கு அப்பால், கேரளத்துப் பக்கம், செல்ஃபோனுக்குள் இருக்கும் பேயை ஓட்டுகிறாராம். நல்ல கூட்டமாம். எலிசாவும் ஒரு தடவை போய்விட்டு வந்தாள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் பத்துத் தடவை புரட்டிப் பார்ப்பாள் எலிசா. அந்தச் சந்தேகத்தில் ஒரு துளியைச் சாமியின் வாசலுக்கும் கொண்டுபோயிருந்தால், பேய் ஓட்ட ஆள் தேடியிருக்க மாட்டாள். யோசியுங்கள் ஐயா! யோசித்து யாருக்கும் இதுவரை வலிப்பு வந்ததில்லை.