வெள்ளி இரவுக்கு ஒரு பெட்டிசம்

சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூர் வரை, பெட்டிசம் நானாவின் புண்ணியத்தில் இடமாற்றம் வாங்காத உத்தியோகத்தர் ஒருவர்கூட இல்லை. மேலிடத்துக்குப் புகார்க் கடிதம் எழுதுவதுதான் அவருக்குத் தொழில், பொழுதுபோக்கு, மூச்சு எல்லாம். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். கல்முனை பஸாரில் ஒரு கொமினிகேஷன் கடையில், போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் அவருக்கென்றே ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். அதில் அவர் உட்கார்ந்திருந்ததை நான் கண்டதில்லை. நடந்துகொண்டே இருப்பார். வாசலால் போகிறவனை நிறுத்தி, உனக்கு யாரும் அநியாயம் செய்யவில்லையா என்று விசாரிப்பார். கடல் கரையை அரித்தபோது அவர் எழுதிய பெட்டிசத்தில் முதலாம் எதிராளி கடல்.

அப்போது நான் வானியல் முதுமாணி மாணவி. வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்றில் ஓர் இரவு கேட்டு இரண்டு தரம் விண்ணப்பித்திருந்தேன். அவசியம் விளங்கவில்லை என்று இரண்டு தரமும் திருப்பிவிட்டார்கள். நான் பார்க்க வேண்டியது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களை. பதினொரு வருசத்துக்கு ஒருமுறை ஒன்று மற்றதற்குப் பின்னால் மறையும். அது வரும் மாசியில், ஒரேயொரு இரவு. இந்தத் தரமும் கிடைக்காவிட்டால் படிப்பு அத்தோடு சரி. வாப்பா ஏற்கெனவே ஆசிரியர் வேலைக்குப் படிவம் வாங்கி வைத்திருந்தார்.

விண்ணப்பம் மூடும் வியாழக்கிழமை வீட்டில் கரண்ட் இல்லை. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு ஓடினேன். நானா மோப்பம் பிடித்துவிட்டார்.

"ஆருக்கு எதிரா எழுதுறாய் புள்ள?"

யாருக்கும் எதிராக இல்லை என்றேன். எதிராளி இல்லாத பெட்டிசம் உப்பில்லாத கறி என்று முகம் சுளித்தவர், ஆறு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார்.

"இந்த ராவ விட்டா அடுத்தது எப்ப?"

"பதினொரு வருசம் போகும் நானா."

"அத ஏன் நாலாம் பக்கத்தில ஒளிச்சி வெச்சிரிக்காய்? அநியாயத்த முதல் வரியில சொல்லணும்."

சொல்லிவிட்டு என்னை ஒதுக்கி, இரண்டு விரலால் புதிதாக அடிக்கத் தொடங்கினார். இந்த இரவு மறுக்கப்பட்டால் இரு நட்சத்திரங்களுக்கும் ஓர் ஏழை மாணவிக்கும் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படும் என்று அரச கந்தோர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. 'ஏழை'யை நான் அழித்தேன். அவர் திரும்பப் போட்டார். எந்த இரவு என்று கேட்டபோது, மாசியின் கடைசி வெள்ளிக்கிழமை இரவு என்றேன். சுவர்க் கலண்டரைப் பார்த்துத் திகதியை அடித்தார். சரிபார்க்க நேரமில்லை. ஐந்தரைக்கு மூடுகிற விண்ணப்பம், ஐந்தரைக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தது.

நானா தொப்பியை எடுத்துப் போட்டார்.

"இண்டைக்கி வெள்ளி ராவு. மஃரிபுக்குப் பிறகு பள்ளியில ஓதல் இரிக்கி."

அனுப்பிய விண்ணப்பத்தைத் திறந்து திகதியைப் பார்த்தேன். எங்கள் ஊரில் பொழுதுபட்டால் அடுத்த நாள் பிறந்துவிடும். வெள்ளி இரவு என்பது வியாழன் பொழுதுபட்டதும் வருகிற இரவு. நான் கம்பஸ் கணக்கில் வெள்ளி பொழுதுபட்ட பிறகு வரும் இரவைச் சொல்ல, அவர் ஊர்க் கணக்கில் வியாழக்கிழமைத் திகதியை அடித்திருந்தார். நட்சத்திரம் மறைவதற்கு ஒரு நாள் முந்திப் போய் நான் எதைப் பார்ப்பது? அழுதேன். பெட்டிசம் எழுதுவதென்றால் உங்களுக்கு எதிராகத்தான் எழுத வேண்டும் என்று கத்தியும்விட்டேன்.

 நானா அந்தக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கடை மூலையிலேயே தொழுதார். ஓதலுக்குப் போகவில்லை. பிறகு தொலைநோக்கிக் குழுவுக்கு ஒரு கடிதம் அடித்தார்.

முதலாம் எதிராளி நான் என்று அது தொடங்கியது. பிள்ளை சரியாகத்தான் சொன்னது, பிழையாகப் பதிந்தவன் நான், தண்டனையை எனக்குத் தந்து இரவை அந்தப் பிள்ளைக்குத் தரவும் என்று இருந்தது. ஆயுள் முழுக்க 'பொதுநலன் விரும்பி' என்று மட்டுமே கையெழுத்திட்டு ஒளிந்திருந்த மனிதர், அதன் அடியில் தன் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி அனுப்பினார்.

திகதியைத் திருத்திவிட்டோம் என்று மறுநாளே பதில் வந்தது. இரண்டு மாதத்தில் இரவும் கிடைத்தது. கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். நானா பதிலை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பயத்தோடு கேட்டார்.

"எனக்கென்ன தண்டனை எண்டு ஒண்டும் எழுதல்லியா?"

ஒன்றுமில்லை என்றேன். எனக்குக் கூடப்பிறந்த நானா இல்லை என்ற குறை அன்றோடு போய்விட்டது.