நடுவில் ஒருத்தர்

"கப்பை நான் போடலை," என்றார் தத்துவப் பேராசிரியர். உடைந்த கப்பின் பிடி மட்டும் அவர் விரலில் தொங்கியது. "பிடிக்கணும்னு நினைச்சது என் மனசு. கையை அசைக்கிறது கடவுள். மனசுக்கும் பொருளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. நடுவுல அவர் இருந்து நடத்துறார்."

"அப்ப மிச்சப் பாத்திரத்தையும் அவரையே கழுவச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "இந்த வாரம் உங்க முறை."

இருவருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. ஐந்தாவது மாடியில் லிஃப்டுக்குள் ஏறிய பிறகும் மனிதர் விடுவதாயில்லை.

"இந்தப் பட்டன்கூட லிஃப்டை நகர்த்துறதில்லை. நாம அமுக்குறது வெறும் சாக்கு. அதைப் பார்த்துட்டு நடத்துறவர் வேற."

"சாக்கு சொல்றதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லை! எங்க, அமுக்காம கீழ போங்க பார்ப்போம். போயிட்டா ஆயுசுக்கும் பாத்திரம் நான் கழுவுறேன். இல்லைன்னா நீங்க."

ஆயுசுக்கும்! பேராசிரியர் கண்ணை இறுக மூடி, கீழே போகவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நினைத்தார். லிஃப்ட் இம்மியும் நகரவில்லை.

"சாக்கு பத்தலை போல," என்று முனகினார்.

"தோத்துட்டீங்க. அமுக்குங்க, நேரமாச்சு."

"இரு. பட்டனுக்குச் சக்தி இருக்குன்னா நாலஞ்சு பட்டனை ஒண்ணா அமுக்குறேன். என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்."

அமுக்கினார். லிஃப்ட் விருட்டென்று மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலேறி, இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. பதறிப்போய் இரண்டு கையாலும் எல்லாப் பட்டனையும் அறைந்தார். ஒரு முழம் ஏறியது, ஒரு முழம் இறங்கியது.

"ஐயோ, எங்க மேனேஜர் என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாரு! உங்க தத்துவத்தைக் குப்பையில போட!"

பேராசிரியரின் சட்டை வியர்வையில் தொப்பலாகிவிட்டது. "சரி, ஒத்துக்கறேன்! விரல் அமுக்குது, பட்டன் வேலை செய்யுது, நடுவுல ஒருத்தரும் இல்லை. ஆயுசுக்கும் பாத்திரம் நான்தான். போதுமா?"

மனைவி நிதானமாக ஒரே விரலால் கீழ்த்தளத்தை அமுக்கினாள். லிஃப்ட் சமர்த்தாக இறங்கியது.

கதவு திறந்தால், நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாட்ச்மேன்.

"என்ன சார் இது? பட்டனெல்லாம் செத்து எட்டு மாசமாச்சு. கேமராவுல உங்க விரலைப் பார்த்துப் பார்த்து நான்தான் இங்கேருந்து லிஃப்டை ஓட்டுறேன். எல்லாத்தையும் ஒண்ணா அமுக்குனா நடுவுல இருக்கறவன் என்னதான் பண்ணுவான்?"